தூண்டிலும் மனச்சான்றும்

ஓய்வு நாளில் குளக்கரைக்குச் சென்று தூண்டில் போடும் ஆர்வம் நம் இளைஞரிடையே வளர்ந்து வருகின்றது. பிழைப்புக்காக அன்று, பொழுதுபோக்குக்காக. ஓர் உயிரை வருத்தி மகிழ்வது முறையாகுமா என்று சிலர் வினவுகின்றனர். மனத்துக்கு அமைதி தரும் எளிய இன்பத்தைக் குறை சொல்வானேன் என்று வேறு சிலர் கேட்கின்றனர். இரு தரப்பையும் நிறுத்துப் பார்ப்பது தகும்.

ஆங்கிலேயரான ஐசக் வால்ட்டன் 1653இல் தூண்டில் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே, இது சிந்திப்போரின் பொழுதுபோக்கு எனக் குறித்தார். அதற்குக் காரணம் உண்டு. தொடங்குவோருக்கு வேண்டிய கருவிகள் சிலவே: மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு. கடினமானது இடம் அறிதலே. மீன் நீரெங்கும் சமமாகப் பரந்திருப்பதில்லை. இரையும் நிழலும் கிடைக்கும் இடத்தையே நாடுகின்றது. வாய்க்கால் ஏரியில் கலக்கும் முகம், மதகை அடுத்த ஆழம், நாணலும் தாமரையும் அடர்ந்த ஓரம் ஆகியவை நல்ல இடங்கள். கெளுத்தி அடிச்சேற்றில் இரை தேடும். விரால் பாசி மண்டிய ஆழமற்ற நீரில் பதுங்கும். கோடையில் விடியலும் அந்தியும் ஏற்ற வேளைகள். இவற்றை அறிய நீரை நெடுநேரம் நோக்கியிருக்க வேண்டும். குமிழியும் சிற்றலையும் கொக்கு நிற்கும் இடமும் செய்தி சொல்லும். பொறுமையும் கூர்ந்த நோக்கும் நற்பண்புகளே.

எனினும் அந்நோக்கின் முடிவில் இருப்பது முள். வானவில் ட்ரவுட் மீனின் தலையில் ஊறு உணரும் நரம்பு முனைகள் உண்டென்று 2003இல் லின் ஸ்னெடனும் அவருடன் ஆய்ந்தவர்களும் காட்டினர். மீனின் வேதனை எத்தகையது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது ஒன்றும் அறியாது என்று இனி எளிதில் சொல்லிவிட இயலாது.

திருச்சபையின் மறைக்கல்வி நூல் உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்கின்றது. தேவையின்றி அவற்றை வருத்துவது மனித மாண்புக்கு முரணானது என்றும் கூறுகின்றது. அப்படியாயின் பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிட்டால் குற்றம் நீங்குமா? இரக்கம்போல் தோன்றும் இச்செயலைச் சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு விதிகளில் வேறுவிதமாகக் கண்டது. விடும் எண்ணத்துடனேயே மீன் பிடிப்பதை அது தடை செய்தது. உண்ணவும் மாட்டோம், சும்மா விடவும் மாட்டோம் என்றால், அங்கே வேதனை ஒன்றே மிஞ்சுகிறது என்பது அதன் நியாயம். மறுபுறமும் உண்டு. காவிரிக் கரையில் கலிபோரே முகாமில் மாசீர் மீன்களைப் பிடித்து விட்டவர்கள் 1998 முதல் 2012 வரை குறித்து வைத்த கணக்கே, திமில் முதுகுடைய மாசீர் மறைந்து வருவதை உலகுக்கு உணர்த்தியது. எனவே விடுதலும் உண்ணுதலும் தம்மளவில் நல்லவையோ தீயவையோ அல்ல. எதற்காகச் செய்கிறோம் என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது.

இதனை விரால் நமக்குத் தெளிவாக்குகின்றது. விராலின் செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீரின் மேல் எழும். அவற்றின் கீழே பெற்றோர் காவல் நிற்கும். அருகே எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். ஆகவே பசியில்லாத வேளையிலும் விராலை உறுதியாகப் பிடிக்க ஏற்ற இடம் அதுவே. அங்கே நாம் பயன்படுத்துவது அதன் பசியை அன்று, அதன் பாசத்தை. தாய் போனபின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். சிறந்த இடம் என்று கைத்திறன் காட்டுவதை, விலகிச் செல் என்று மனச்சான்று சொல்லும் வேளை இது.

அயலாரையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டின் பல ஏரி குளங்களில் மீன்பாசி உரிமை ஏலம் விடப்படுகின்றது. கடன் வாங்கிக் குத்தகை எடுத்தவருக்கு ஒவ்வொரு மீனும் வட்டிப் பணம். அவரைக் கேளாமல் தூண்டில் போடுவது, நமக்கு விளையாட்டாக இருக்கலாம். அவருக்கு அது இழப்பு. ‘ஒன்றிரண்டு மீன்தானே’ என்று கூறுவோர், தம் தோட்டத்து மாங்காயை வழிப்போக்கர் பறித்தால் அவ்வாறு கூறுவரோ?

நற்செய்தி நூல்களில் வலைகள் பலமுறை வருகின்றன. தூண்டில் வருவதோ ஒரே முறை. கோவில் வரி செலுத்துமாறு பேதுருவை ஆண்டவர் கடலுக்கு அனுப்பியபோது (மத் 17:27), முதலில் அகப்படும் ஒரு மீனையே எடுக்கச் சொன்னார். தேவை ஒன்று, மீனும் ஒன்று. உயிர்த்தபின் சீடர்முன் அவரே மீன் உண்டார் என்பதையும் லூக்கா எழுதுகின்றார். ஆகவே தூண்டிலை எறிந்துவிட வேண்டியதில்லை. உரியவரிடம் கேட்டு, குஞ்சு காக்கும் மீனை விட்டு, வீட்டு உலைக்கு வேண்டிய அளவே எடுத்து, எடுத்ததைத் துடிக்க விடாமல் விரைந்து கொன்று, எழுந்து வரக் கற்றால் போதும். இன்னும் ஒன்று கடிக்கும் என்று தக்கை அசையும்போது கழியைச் சுருட்டத் தெரிந்தவன், நீரைப் பார்த்ததன் பயனை அடைந்தவன் ஆவான்.