பாதியில் மேலே வந்தவன்

அஞ்சிய இடத்தில் திரும்பி வருபவனை உலகம் கோழை என்கிறது. அஞ்சாது சென்று மாண்டவனை வீரன் என்கிறது. இவ்விரண்டும் கரையில் நிற்பவர்கள் வழங்கும் தீர்ப்புகளேயன்றி, நீருக்குள் இருந்தவன் வழங்கியவை அல்ல. அண்மையில் எங்கள் வீட்டிலேயே இப்படியொரு வழக்கு எழுந்தமையால், அதைப்பற்றிச் சில சொல்லத் துணிந்தேன்.

என் தங்கை மகன் ஜாசினுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இப்பொழுது மலாக்கா நகரில் கணக்கு வேலை பார்க்கிறான். சென்ற விடுமுறையில் தன் மைத்துனனோடும் வேலைத் தோழர் சிலரோடும் மெர்சிங் சென்று, அங்கிருந்து தியோமான் தீவுக்குப் படகேறி, ஸ்கூபா என்னும் நீர்மூழ்கலைப் பழகப் போனான். நம் மலாக்கா நீரிணையோ சேறு கலங்கிய நீர்; அதனுள் மூழ்கிக் காண்பதற்கு அதிகமில்லை. ஆதலால் நம்மவர்க்கு இவ்வாசை எழுந்தால் கிழக்குக் கரைக்கே செல்லல் வேண்டும். தியோமானைச் சூழ்ந்த கடல் 1994ஆம் ஆண்டு முதல் கடற்பூங்காவாகக் காக்கப்பட்டு வருகிறது. பவளப் பாறையும் வண்ண மீனும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பனபோல் தோன்றும் என்கிறார்கள்.

முதலில் இடுப்பளவு நீரில் பயிற்சி. அதன்பின் ஆசிரியரும் மைத்துனனும் உடன்வர, நான்கு மீட்டர் ஆழத்திற்கு இறங்கினான். இறங்கிய சிறிது நேரத்திற்கெல்லாம் முகக் கண்ணாடிக்குள் நீர் கசியலாயிற்று. மூக்கில் நீர் ஏறியது, நெஞ்சு படபடத்தது. அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். மூவரும் மேலே வந்தார்கள். நடந்தது இவ்வளவே.

ஆனால் ஊர் திரும்பியபின் ஒரு விருந்தில் இக்கதை ஊறுகாயாயிற்று. "காசு கட்டிப் போய்க் கட்டை விரலைக் காட்டிவிட்டு வந்தாயே!" என்று பெரியவர் ஒருவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்? அவன் மட்டும் தலை குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு அவனைத் தனியே அழைத்துக் கேட்டபோதுதான் ஒரு செய்தி விளங்கிற்று. தரையில் கட்டை விரலை உயர்த்தினால் "வெற்றி", "மிக நன்று" என்று பொருள். நீருக்கடியிலோ அதற்குப் பொருள் ஒன்றே: "மேலே போவோம்." நலமாயிருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாயின் கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளையமாக்கிக் காட்டல் வேண்டும். மூழ்குவோரிடையே ஒரு விதியும் உண்டு: யாரும், எப்பொழுதும், எக்காரணத்திற்காகவும் அந்த விரலை உயர்த்தலாம்; உயர்த்தியவனை மற்றவர் வாதிட்டுத் தடுத்தல் கூடாது; துணைவனும் உடன் ஏறல் வேண்டும். பல ஆண்டு பழகியவனும் முதல் நாள் வந்தவனும் இதில் சமம்.

இவ்விதி ஏன் வந்தது என்பதற்கு அக்கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கானியான் என்ற பொறியாளரும் சேர்ந்து இதனை ஆக்கினர். முதுகிற் சுமந்த சிலிண்டரில் அடைத்த காற்றை, மூச்சிழுக்குந்தோறும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஒத்த அளவாக்கி வாய்க்குத் தருவதே இதன் திறம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இருமடங்கு. 4 மீட்டரில் தரையிலுள்ளதைப் போல் 1.4 மடங்கு. அந்த ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு ஒருவன் மேலே பாய்வானாயின், அக்காற்று நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதலாக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது முதற்பாடம். பதறிப் பாயாதே, உன் மூச்சுக் குமிழிகளை முந்தாமல் மெல்ல ஏறு என்பது அடுத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அச்சம் பிடித்தவுடன் நம் உடல் தானாகச் செய்யத் துடிப்பவை எவை? மூச்சை அடக்குவதும் மேலே பாய்வதும் அன்றோ? அவையிரண்டுமே அங்கே கொல்லும். என் மருமகன் இரண்டையும் செய்தானில்லை. மூக்கில் நீர் ஏறிய நிலையிலும் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, விரலைக் காட்டி, துணைவன் கண்டுகொண்டானா என்று பார்த்து, மெல்ல ஏறியிருக்கிறான். அச்சத்திற்கு அடிமையானவனுக்கு இது கைவருமா? நாம் சிரித்த சிரிப்பு மூடச் சிரிப்பு என்று எனக்கு அப்பொழுது தோன்றியது.

நிற்க. கடலில் மூழ்குதல் தமிழனுக்குப் புதிதன்று. கொற்கையிலும் தூத்துக்குடியிலும் மன்னார்க் கரையிலும் முத்துக்குளித்தல் நெடுங்காலத்துத் தொழில். 1905ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த முத்துக்குளிப்பில் ஏறத்தாழ 5,000 மூழ்காளர் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அவர்களுக்குச் சிலிண்டர் ஏது? கல்லைக் காலிற் பற்றி இறங்கி, ஒரு நிமிட அளவுக்கு மூச்சடக்கி, சிப்பியை வாரிக் கூடையிலிட்டு, கயிற்றை அசைத்தால் மேலே படகில் இருப்பவன் இழுப்பான். மூச்சை அடக்குவதே அவர்களுக்கு முதற்பாடம், ஸ்கூபாவுக்கு நேர்மாறு. ஆனால் மேலே வரவேண்டும் என்ற குறிப்பை மற்றொருவன் ஏற்றாலன்றி உயிரில்லை என்பது இரண்டிற்கும் பொது. கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் நலம், தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க அவன் விடமாட்டான் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்ற பழமொழியைக் கடலுக்கும் நீட்டிக்கொண்டார்கள் போலும்!

அத்தொழிலில் இன்னொருவனும் இருந்தான். அவன் பெயர் கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இவ்வகை மந்திரக்காரர்க்கு எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும், பகலிற் கட்டிய மந்திரத்தை அவர்கள் இரவில் அவிழ்த்துவிட்டதையும் குறித்திருக்கிறார். சுறாவுக்குப் பகலும் இரவும் அறிந்து நடக்கும் ஒழுக்கம் இருந்தது வியப்பே! பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டென்னென்ட் என்பார் இலங்கையில் விசாரித்தபோது, அப்பதவி வழிவழியாக ஒரு குடும்பத்திலேயே வந்ததையும், அப்போது அதில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் அறிந்தார். கடல்கட்டி இல்லாமல் இறங்க மூழ்காளர் மறுத்தனர்.

இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போவது எளிது. நானும் பல காலம் நகைத்தேன். இப்பொழுது வேறொன்று தோன்றுகிறது. முன்பணம் வாங்கிவிட்டுக் கடலுக்கு வந்த ஏழை, "இன்று நீர் சரியில்லை, எனக்கு அச்சமாயிருக்கிறது, இறங்கமாட்டேன்" என்று சொன்னால் படகுக்காரன் கேட்பானா? "கடல்கட்டி இல்லை, இறங்கமாட்டோம்" என்றால் கேட்டே தீரவேண்டும். தன் அச்சத்தைத் தன் வாயாற் சொல்ல உரிமையற்றவன், அதை மந்திரக்காரன் வாயில் வைத்துச் சொன்னான். அந்த 20இல் ஒரு பங்கு சுறாவைக் கட்டியதற்குக் கொடுத்த கூலியன்று. "வேண்டாம்" என்ற ஒரு சொல்லுக்கு ஏழை கொடுத்த விலை என்றே நான் எண்ணுகிறேன்.

தோட்டத்தார்க்கு இது விளங்காத செய்தியா? ஒப்பந்தக் கூலியாக வந்தவன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. இந்தியர்க்கு அம்முறையில் ஆள்சேர்ப்பது 1910இல் நின்றது. பின்னர்க் கங்காணி வழியாக வந்ததும் 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையோடு ஓய்ந்தது. அதற்குப் பின்னும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று "உடம்பு முடியவில்லை" என்று ஒருத்தி சொன்னால் அச்சொல்லுக்கு மதிப்பில்லை; ஆஸ்பத்திரி டிரஸர் சீட்டு எழுதித் தந்தால்தான் அவளுக்குக் காய்ச்சல்! என் தாயார் இதைச் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு வகை. அவர் வழிவந்த பேரப்பிள்ளை இன்று ஒரு விரலை உயர்த்துகிறான். காரணம் கேட்காமல் இருவர் உடன் ஏறுகிறார்கள். அதை நாம் இழிவென்று பேசுகிறோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதைச் சொன்னவன் மைத்துனனே. "மாமா, நானும் காசு கட்டியிருந்தேன். அவர் மேலே வந்ததால் என் மூழ்கலும் போயிற்று. உரிமை அவருடையது, இழப்பு என்னுடையதா?" என்றான். நேர்மையான கேள்வி. அஞ்சும்போதெல்லாம் ஒருவன் திரும்பினால் அவனோடு எவன் வருவான்? எனக்கு முழு விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "நாளை உன் கண்ணாடியில் நீர் புகுந்தால், அவன் தன் காசைக் கணக்கிட்டுக்கொண்டு கீழேயே இருக்கலாமா?" அவன் பேசவில்லை. ஒப்புக்கொண்டான் என்று நான் சொல்லமாட்டேன், பேசவில்லை, அவ்வளவுதான்.

திரும்பியதே போதும் என்றும் நான் சொல்வதற்கில்லை. ஏன் திரும்பினோம் என்று ஆராயாதவனுக்கு அவ்வுரிமையாற் பயன் குறைவு. நீர் கசிந்ததற்குக் காரணம் என்னவென்று மருமகன் அன்று மாலையே ஆசிரியரிடம் கேட்டிருக்கிறான். அவர் அவன் மீசையைச் சுட்டிக் காட்டினாராம்! கண்ணாடியின் ரப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்டாமல் மீசை இடைவெளி விட்டிருக்கிறது. அவ்வழியே கடல் உள்ளே வந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று பெருமை பேசும் நமக்கு, மீசையே ஓட்டையான கதை இது. மறுநாட் காலை அதன் மேல் விளிம்பைக் கத்தரித்துக்கொண்டு, உள்ளே வந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியை ஆழமற்ற நீரில் பலமுறை செய்து, பிறகு ஆறு மீட்டர் வரை போய் வந்திருக்கிறான். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ஓசையைக் காதாற் கேட்டானாம். விருந்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே, மாமா" என்றான்.

இவ்வாண்டு மீண்டும் போகிறார்கள். "நீங்களும் வாருங்கள், மாமா, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லி, மூழ்குமுன் நிரப்ப வேண்டிய மருத்துவ வினாத்தாளை என் முன் வைத்தான். இதயம், காது, மயக்கம் எல்லாவற்றிற்கும் "இல்லை" என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஆஸ்துமா என்ற இடத்தில் பேனா நின்றது. ரப்பர்த் தகடுகளுக்குப் புகைபோடும் கூடத்தின் அருகில் வளர்ந்தவன் நான். மழைக்காலத்து இரவுகளில் இன்றும் உட்கார்ந்தே உறங்குகிறேன்.

"இல்லையென்று போடுங்கள், மாமா, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றான் மைத்துனன். மருமகன் அவனை முறைத்தான்.

"உண்டு" என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கரையில் அமர்ந்து அவர்களுடைய சட்டைகளைக் காத்துக்கொள்வது என் வேலை என்று முடிவாயிற்று.