உயிரில்லாத ஆளும் வினைக்கட்டும்

அன்னூரினின்று சத்தியமங்கலம் செல்லும் சாலையில் நூற்பாலைகளின் பெயர்ப் பலகைகள்தோறும் ‘லிமிடெட்’ என்னும் சொல் காணப்படுகிறது. பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு உண்டு என்பதே அதன் பொருள். கம்பெனி நொடித்துப்போனால் அவர் இழப்பது தாம் இட்ட முதல் மட்டுமே. இல்லறத்தார்க்கு நம் அறவோர் வகுத்த அணுவிரதங்கள் ஐந்தனுள் ஒன்று பொருள்வரைதல். அங்கே வரம்பு பொருளுக்கு. இங்கே வரம்பு பொறுப்புக்கு. இவ்வேறுபாடு சிறிதன்று.

சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஓர் ஆள். 1897ஆம் ஆண்டு சாலமன் என்பவரின் வழக்கில், ஒருவர் தம் குடும்பத்தாரைப் பங்குதாரராக்கி அமைத்த கம்பெனியும் அவரினின்று வேறான ஆளே என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஈடின்றிக் கடன் கொடுத்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். (சாலமன் செய்தது தோல் காலணித் தொழில் என்பதை நம் வாசகர் குறித்துக்கொள்வர்.)

அமெரிக்க நாட்டில் கதை இன்னும் விந்தையானது. விடுதலை பெற்ற அடிமைகளைக் காக்கவென்று 1868இல் அந்நாட்டு அரசியலமைப்பில் பதினான்காம் திருத்தம் சேர்க்கப்பட்டது. 1886இல் ஓர் இருப்புப்பாதைக் கம்பெனியின் வரி வழக்கில், அத்திருத்தம் கம்பெனிகளுக்கும் பொருந்துமா என்று வாதிடவே வேண்டியதில்லை, பொருந்தும் என்பதே தங்கள் கருத்து எனத் தலைமை நீதிபதி வெய்ட் வாய்மொழியாகக் கூறினார். தீர்ப்புரையில் அது இல்லை. தொகுத்தவர் எழுதிய முகப்புக் குறிப்பில் மட்டுமே உள்ளது. பின்வந்தோர் அக்குறிப்பையே சான்றாகக் கொண்டனர்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வளவு எளிதில் இணங்கவில்லை. 14ஆம் பிரிவு ‘எந்த ஆளுக்கும்’ என்கிறது. 19ஆம் பிரிவோ ‘குடிமக்கள்’ என்கிறது. அரசுக்கே உரிய ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் தன்னைக் குடிமகன் என்று கூறிக்கொண்டு வந்தபோது, 1963இல் நீதிமன்றம் அதனை மறுத்தது. ஆயினும் 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கிலும், 1972இல் செய்தித்தாள் காகித வழக்கிலும் பங்குதாரரின் உரிமை என்னும் பின்வாயில் திறக்கப்பட்டது. வேறு ஆள் என்று கூறிப் பொறுப்பினின்று விலகுவோர், உரிமை கோரும்போது மட்டும் ‘அந்த ஆள் நாமே’ என்பது எவ்வாறு பொருந்தும்?

தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டப்படி ஐவர் கொண்ட குடும்பம் 15 தர ஏக்கருக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. தொழில் நிறுவனங்கள் அரசின் இசைவு பெற்று அதற்கு மேலும் வைத்திருக்கலாம். நம் வட்டாரத்தில் தொழிற்பூங்கா அமைக்க 2021இல் 3,800 ஏக்கருக்கு மேல் எடுக்கத் திட்டமிட்டு, உழவர் எதிர்த்தபின், தனியார் நிறுவன வசமுள்ள ஏறத்தாழ 1,630 ஏக்கர் தரிசு போதும் என்று 2022 டிசம்பரில் அரசு அறிவித்ததை அனைவரும் அறிவர். உழுது உண்பவனுக்கு வரம்பு உண்டு. பசியே அறியாத ஆளுக்கு இல்லை.

ஆகமம் பொருள்களை உயிர், உயிரல்லது என்று பகுக்கிறது. கம்பெனிக்கு உயிரில்லை, உயிரல்லாதவற்றுள் புற்கலம், தன்மம், அதன்மம், ஆகாயம், காலம் என்னும் ஐந்தனுள்ளும் அது அடங்காது. அது வெறும் உடன்பாடு. எனவே வினை அதனைப் பற்றாது. பற்றாத வினை எங்கே செல்லும்? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினையூற்றுக்கு வாயில்கள் என்பது நம் கொள்கை. ஆணையிட்ட இயக்குநர் செய்வித்தவர். ஆதாயப் பங்கினை மகிழ்ந்து பெற்றவர் உடன்பட்டவர். நஞ்சு விற்றல், காட்டை எரித்தல், ஏரியை வற்றச்செய்தல் முதலிய பதினைந்து தொழில்களைச் சாவகர்க்கு முன்னோர் விலக்கினர். அவற்றைத் தம் பெயரில் செய்யாது பங்குப் பத்திரத்தின் வழியே செய்தால் விலக்கு நீங்கிவிடுமோ?

பொருள்வரைதல் நோன்பு ஏற்போர் நிலம், மனை, பொன், தானியம் என்று பட்டியல் இடுகின்றனர். மிகுதியைக் குடும்பக் கம்பெனியின் பெயருக்கு மாற்றிவிட்டு, ‘எம்மிடம் இவ்வளவே’ என்று எழுதும் வழக்கமும் இந்நாளில் உண்டு. சட்டம் அதனை ஏற்கும். நோன்பு ஏற்குமென்று நமக்குத் தோன்றவில்லை. டிமேட் கணக்கில் உள்ளவையும், மியூச்சுவல் ஃபண்டில் இட்டவையும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றின் எதிரிலும் அந்நிறுவனம் செய்யும் தொழில் இன்னதென்று எழுதப்படவும் வேண்டும். பர்யூஷண நாள்களில் ஒரு பிற்பகல் இதற்குப் போதும்.