புத்தகமும் பரிக்கிரகமா?

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது பரிக்கிரக பரிமாணம். உடைமைக்குத் தானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள் நிற்றல் என்பது அதன் பொருள். நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஏவலர், ஆடை, பாண்டம் எனப் புறப் பரிக்கிரகங்களை நம் ஆசாரியர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் புத்தகம் என்னும் பெயர் தனியே வரவில்லை. அதனால்தானோ என்னவோ, நகைக்கும் புடவைக்கும் அளவு வகுத்துக்கொண்ட நாம், புத்தகத்திற்கு மட்டும் அளவு வகுக்காமலே எழுபது வயதைக் கடந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஊர் வீட்டை ஒழித்துவிட்டு மகன் இல்லத்திற்குச் செல்ல வேண்டிய நிலை வந்தது. கூடத்தில் இரண்டு மர பீரோக்கள் நிறையப் புத்தகங்கள். எண்ணிப் பார்த்ததில் 412 இருந்தன. புதிய இல்லத்தில் எமக்கென ஒதுக்கப்பட்ட சுவரலமாரியில் அறுபது நூல்கள் அடங்கலாம். மிகுந்தவற்றை என் செய்வது? "எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது, பாட்டி" என்றான் பேரன். அவன் சொன்னது பெரும்பாலும் உண்மையே. பழைய பதிப்புகள் பலவற்றைத் தமிழிணைய மின்னூலகத்தில் அவனே திறந்து காட்டினான். அச்செழுத்து அழியாது காக்கப்பட்டுவிட்டது என்றால், தாளைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்ற கேள்வி நியாயமானதே.

ஆயினும் ஒவ்வொரு நூலையும் மீண்டும் ஒருமுறை படித்துவிட்டே கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று தீர்மானிப்பது என முடிவு செய்தோம். அதைக் கேட்ட உறவினர் ஒருவர், "கொடுப்பதென்று ஆனபின் கொடுத்துவிட வேண்டியதுதானே! மறுபடி படிப்பது விடமுடியாத பற்றுக்குச் சொல்லும் சாக்கு அல்லவா?" என்றார். சுருக்கென்று தைத்தது. ஏனெனில் அவ்வையம் எமக்கும் இருந்தது. உலோபம் என்னும் கஷாயம் எப்போதும் பொன்னுருவில் வருவதில்லை. கல்வி மேல் மதிப்பு என்னும் வெள்ளாடை உடுத்திக்கொண்டும் அது வரும். பற்றுதான் பரிக்கிரகம் என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்த பின், பொருளின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது.

இங்கே ஒன்றை நினைக்க வேண்டும். அனைத்தையும் துறந்த திகம்பர முனிவருக்கும் மூன்று பொருள்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. சீவதயைக்கு மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்திற்குச் சாத்திரம். ஆடையையும் விட்டவர் கையில் நூல் இருக்கலாம் என்றால், நூலுக்கு எத்துணைப் பெருமை என்று நாம் மாணவியர்க்குச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. பீலியையும் கமண்டலத்தையும் அதனோடு சேர்த்துப் பார்க்கத் தவறினோம். பீலி பயன்படும்வரை பீலி. இரண்டு பீலிகளை எந்த முனிவரும் சேர்த்து வைப்பதில்லை. நூலும் அவ்வாறே உபகரணம். பூட்டிய பீரோவுக்குள் முப்பது ஆண்டுகள் திறவாது கிடந்த நூலை உபகரணம் என்று எந்த வாயால் சொல்வது?

அதைவிடக் கடுமையான செய்தி ஞானாவரணீய வினைக்குரிய காரணங்களில் இருக்கிறது. அறிந்ததை மறைத்தல், பிறர்க்கு அறிவு சேரப் பொறாமை, அறிவு பெறுவதற்கு இடையூறு செய்தல் ஆகியன அவ்வினையை ஈட்டித் தரும் என்கிறார்கள் ஆசாரியர்கள். ஷட்கண்டாகமத்தின் தவளா உரைச் சுவடிகளை மூடபித்திரியில் பல நூற்றாண்டுகள் கண்ணெனக் காத்தார்கள். காத்தவர்களை வணங்க வேண்டும். ஆனால் யாத்திரை சென்றவர்கள் அவற்றைத் தரிசித்துத் திரும்பினார்களே அன்றிக் கற்றுத் திரும்பவில்லை. படியெடுத்து, ஹீராலால் ஜைன் அவர்கள் பதிப்பில் 1939இல் முதல் தொகுதி வெளிவந்த பின்னரே அது உலகோர் கைக்குச் சென்றது. தரசேன ஆசாரியர் கிர்நார் குகையில் தமக்குப் பின் இவ்வறிவு அழிந்துவிடுமே என்று அஞ்சிப் புட்பதந்தர், பூதபலி இருவரையும் அழைத்துக் கற்பிக்க, அவ்வறிவு அவர்களால் நூலாக எழுதப்பட்டு நிறைவுற்றதையே நாம் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அன்று நூல்களை அடுக்கி மஞ்சள் குங்குமம் இட்டுப் பூசிக்கிறோம். மறுநாள் அவை மீண்டும் பீரோவுக்குள் போகின்றன. எம் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நன்னூலில் பவணந்தியார் ஆசிரியராகத் தகாதவர்க்குச் சில உவமைகள் கூறுவார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில் மனனம் செய்தவை அவை. அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்கு நிறைந்த மட்டைகளால் எவரையும் அருகே விடாது. பழம் தானாக விழுந்தால் உண்டு. எம் பீரோக்களை நோக்கும்போது இந்த உவமைதான் நினைவுக்கு வந்தது. அதே நூல், பாடத்தை ஒருமுறையோடு விடாது இருமுறை கேட்பவனுக்குப் பிழை நீங்கும் என்றும், மும்முறை கேட்பவன் பிறர்க்கு முறையறிந்து உரைப்பான் என்றும் கூறுகிறது. ஆகவே மறுபடி படிப்பது வெறும் சாக்கு அன்று, பிறர்க்கு உரியதாக்குவதற்கான வழியும் ஆகலாம் என்று ஆறுதல் கொண்டு தொடங்கினோம்.

முதற்சோதனை எழுத்தில் வரவில்லை, பூச்சியில் வந்தது. இரண்டாவது பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் இராமபாணம் ஓடிற்று. நூல்களைப் பாதுகாப்பது சுருத பக்தி. பூச்சிகளைக் கொல்வதோ இம்சை. கடைக்காரர் மருந்து தெளிக்கச் சொன்னார். உண்மையில் அப்பூச்சிகள் அங்கே குடியேறியதற்குக் காரணம் நாமே. மாதம் ஒருமுறை திறந்து, தூசு தட்டி, வசம்பும் வேப்பிலையும் மாற்றி வைத்திருந்தால் அவை வந்திரா. படிக்காத நூல் சீவன்கள் பிறந்து இறக்கும் இடமாகிவிடுகிறது என்பதை எழுபது வயதில் கற்றோம். ஒவ்வொரு நூலாகத் திண்ணைக்குக் கொண்டுவந்து, மெல்லிய தூரிகையால் ஏடு ஏடாக நீவி, தோட்டத்து ஓரத்தில் விட்டோம். பதினொரு நாள் ஆயிற்று. அத்தனையும் பிழைத்திருக்கும் என்று சொல்லத் துணிவில்லை.

படிக்கத் தொடங்கியபின் எம் நினைவின் நம்பகமின்மை வெளிப்பட்டது. பல நூல்களில் யாம் போற்றியிருந்த பகுதி அந்நூலில் இல்லவே இல்லை. சிலவற்றில் சக்கையை வைத்துக்கொண்டு சாரத்தை விட்டிருந்தோம். கல்வி உளவியல், வகுப்பறை மேலாண்மை பற்றிய பயிற்சி நூல்கள் ஒரு வாரத்தில் முடிந்தன. அவற்றைப் பற்றிக் கூற ஏதுமில்லை. பழைய தாள் கடைக்குச் சென்றன. நீலகேசி அப்படிப் போகவில்லை. இளமையில் அதனை வெற்றி நூலாகவே படித்தோம். நீலகேசி ஒவ்வொரு சமயத்தாரையும் வாதில் வெல்லும்போது எமக்கு ஒரு களிப்பு. இப்போது படிக்கையில், எதிர்த்தரப்பார் சொன்னதை முழுமையாக எடுத்துரைக்கும் பொறுமைதான் கண்ணில் பட்டது. பௌத்தர்தம் குண்டலகேசி முழு நூலாக இன்று இல்லை. அதன் பாடல்கள் பலவற்றின் முதற்குறிப்புகளைக் காத்துத் தந்தது, அதை மறுக்க எழுந்த நம் நீலகேசியின் உரையே. 1936இல் சக்கரவர்த்தி நயினார் அவர்கள் அதைப் பதிப்பித்தபோது இரு சமயத்தார்க்கும் உதவினார். மறுக்க வேண்டும் என்றாலும் முழுதாகச் சொல்லி மறுத்தால் மறுக்கப்பட்டதும் வாழ்கிறது. இதைக் கண்டபின், எமக்கு உடன்பாடில்லாத நூல்களைக் கழிக்கும் அடுக்கில் வைத்திருந்தோமே, அவற்றை எடுத்து மறுபடியும் மேசைமேல் வைத்தோம்.

வளையாபதியைக் கழிக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுத்திருக்கமாட்டார்கள். உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்தில் அதன் ஏட்டைக் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். சிந்தாமணியோ பிழைத்தது. கும்பகோணத்தில் நம் சமயத்தார் இல்லம் ஒன்றில் சிந்தாமணி வாசிப்பு நிறைவுற்றதைத் தோரணம் கட்டிக் கொண்டாடியதை அவர் நேரில் கண்டார். அவர்கள் துணையோடு ஐயம் தீர்ந்து 1887இல் அதனைப் பதிப்பித்தார். அந்த இல்லத்தார் ஏட்டை வைத்திருந்தார்கள் என்பதைவிட, திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்பதே பெரிது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாது விடலாம் என்றும் எண்ணினோம். ஆனால் இக்கட்டுரை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

மேருமந்தர புராணம், பழைய பதிப்பு. திருப்பருத்திக்குன்றத்து வாமன முனிவரின் இந்நூல் எம்மிடம் இருப்பது பற்றி எமக்கு எப்போதும் பெருமை. நம் சமூகத்துப் பிள்ளைகள் எவரேனும் ஆய்வு செய்ய வந்தால் எடுத்துக் காட்டுவோம். திறந்தால், முதற்பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெயர். எம் பெயர் அன்று. 1974இல் முதன்முதலாகப் பணியேற்ற பள்ளியில் தமிழாசிரியராய் இருந்த பெரியவருடையது. பெண்பிள்ளைக்குக் காப்பியம் எதற்கு என்று எண்ணாமல் அவராகவே எடுத்துக் கொடுத்தார். அதன்பின் எப்போது கண்டாலும், "படித்தாயிற்றா, அம்மா?" என்பார். "இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஐயா" என்போம். எம் படிப்பின் மேல் அவருக்கு எத்தனை அக்கறை என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறோம். அவர் தம் நூலைக் கேட்கிறார் என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவர் காலமாகி நெடுநாள் ஆனபின், இந்தத் திண்ணையில்தான் விளங்கிற்று. எம் பென்சில் குறிகள் நூலின் மூன்றிலொரு பங்கோடு நின்றிருந்தன. அதன்பின் நாம் படிக்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம்" என்றது பொய்.

பின்னாளில் பள்ளி நூலகப் பொறுப்பு எம்மிடம் இருந்தபோது, ஒரு வாரம் தாமதித்த பிள்ளைகளிடம் தண்டம் வசூலித்திருக்கிறோம்.

அந்நூலிலேயே வருகிறது பத்திரமித்திரன் கதை. வணிகனாகிய அவன் தன் மணிகளைச் சத்தியகோஷன் என்று பெயரெடுத்த அமைச்சனிடம் நம்பி ஒப்படைக்கிறான். திரும்பக் கேட்டபோது அமைச்சன் அறியேன் என்கிறான். வணிகன் நாள்தோறும் மரமேறி முறையிடுகிறான். பித்தன் என்று ஊர் சிரிக்கிறது. அரசி இராமதத்தை சூதாட்டத்தில் அமைச்சனின் மோதிரத்தை வென்று, அதையே அடையாளமாகக் காட்டி மணிச்செப்பை வரவழைக்கிறாள். அரசன் அம்மணிகளை வேறு மணிகளோடு கலந்து வைத்து, உன்னுடையதை எடுத்துக்கொள் என்கிறான். வணிகன் தன் மணிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தொடாது நிற்கிறான். அமைச்சன் இறந்து அரசனது கருவூலத்திலேயே பாம்பாய்ப் பிறக்கிறான்.

சுற்றிலும் நூலடுக்குகள் கிடக்க, இப்பகுதியைப் படித்தவர் நிலையை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். பிறர் வைத்ததை, விழுந்ததை, மறந்ததைத் தானும் கொள்ளாது, எடுத்துப் பிறர்க்குக் கொடுக்கவும் செய்யாதிருத்தலே கள்ளாமை விரதம் என்று இரத்தினகரண்டகத்தில் சமந்தபத்திரர் வரையறுக்கிறார். கொடுக்கவும் கூடாது என்பதை அதுவரை ஊன்றி நோக்கியதில்லை. படிக்காமலே மூட்டையாகக் கட்டி ஜினாலயத்து நூலகத்திற்கு அனுப்பியிருந்தால், பிறர் பொருளைச் சாத்திர தானம் செய்த புண்ணியவதி என்று ஒரு பலகையில் எம் பெயரும் எழுதப்பட்டிருக்கும். உறவினரின் கேள்விக்கு எம்மிடம் இருந்த விடை இவ்வளவே. பற்று இருந்தது உண்மை; ஆனால் படித்ததனால்தான் எது எமதன்று என்பது தெரிந்தது.

முதலில் நூலைப் படித்து முடித்தோம். பிறகு அப்பெரியவரின் மகளார் இருக்குமிடம் விசாரித்துச் சென்றோம். எண்பதைக் கடந்தவர். நூலைக் கையில் வாங்கியதும் பெயரைத் தடவிப் பார்த்தார். "அப்பா இதை எங்கெங்கோ தேடினார். யாரிடம் கொடுத்தோம் என்பதே அவருக்குக் கடைசியில் மறந்துவிட்டது" என்றார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று எளிதாய் இருந்திருக்கும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கூறக்கூடும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்துக்கொண்டு போனோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர் அப்படிக் கூறவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அதன்பின் எல்லா நூல்களின் முதற்பக்கங்களையும் சோதித்தோம். பிறர் பெயருடையவை இன்னும் ஏழு. ஐந்து உரியவர்களிடம் சேர்ந்தன. இரண்டுக்கு உரியவர்கள் யாரென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நம் பெயரெழுதிய எம் நூல்கள் பிறர் வீடுகளில் எத்தனை உள்ளனவோ! அவற்றை எல்லாம் மனமொப்பிக் கொடுத்ததாகவே கொள்ளுமாறு வைத்திருப்பவர்களை இதன் வாயிலாக வேண்டுகிறோம். அவர்கள் அந்தத் துன்பத்தைப் படவேண்டாம்.

கௌண்டேசன் கதையை நம் வீடுகளில் சொல்வதுண்டு. முற்பிறவியில் ஆயனாக இருந்து, மரப்பொந்தில் கண்ட நூலைப் போற்றி வைத்து முனிவரிடம் கொடுத்தவன். அவன் படித்துப் பார்த்துக் கொடுக்கவில்லை என்று அதே உறவினர் எடுத்துக்காட்டினார். நல்ல கேள்வி. அவனுக்கு அந்நூலில் தன் பெயர் எழுத வேண்டும் என்ற எண்ணம் எழவே இல்லை, எமக்கு எழுந்தது. அவனுக்குத் தேவைப்படாத வேலை எமக்குத் தேவைப்பட்டது என்றே விடை சொன்னோம். அவர் முழுதும் உடன்படவில்லை.

சமய நூல்களுள் 140 எம் ஊர் ஜினாலயத்திற்கும், இலக்கண இலக்கியங்கள் அருகிலுள்ள பெண்கள் பள்ளிக்கும் சென்றன. அறுபதுக்கு இடம் இருந்தும் 43 மட்டுமே உடன் வந்திருக்கின்றன. பேரன் மாதம் ஒருமுறை வசம்பு மாற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். இரண்டு மாதம் மாற்றினான், மூன்றாம் மாதம் நாமே மாற்றினோம்.