பட்டினி கிடந்து பயணம் போகிறவர்கள்

பெருங்குடலில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலர், கல்யாணம், வெளியூர் என்று எங்கே கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரியிலிருந்தே வாயைக் கட்டிவிடுகிறார்கள். சாப்பிட்டால்தானே போக வேண்டிவரும் என்பது கணக்கு. எனக்கும் பெருங்குடலின் கடைசிப் பகுதியையும் மலக்குடலில் கொஞ்சத்தையும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்குத் தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதியைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தை மலக்குடல் தேக்கி வைக்கும். தேக்குகிற இடம் சுருங்கிவிட்டால், ஒரே தடவையில் முடிய வேண்டியது ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து தடவையாகப் பிரிந்து வருகிறது. பட்டினி கிடந்தாலும் செரிமான நீர் சுரக்காமல் இருப்பதில்லை. வயிற்றில் வாயு சேரும், உடம்பு தளரும். காயம் ஆற வேண்டிய உடம்புக்கு முட்டையும் மீனும் பருப்பும் மறுப்பது பெரிய அநியாயம்.

வலப்பக்கக் குடலை எடுத்தவர்களின் சிரமம் வேறு. சிறுகுடலின் கடைசித் துண்டும் கூடவே போவதால், சிலருக்குப் பித்த உப்புகள் பெருங்குடலுக்குள் இறங்கி, தண்ணீராகப் போகும். அதற்குத் தனி மருந்து உண்டு. சமையலறையில் மட்டும் அதற்கு வழி தேடக் கூடாது.

பார்க்க வருகிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “நிறைய கீரை சாப்பிடுங்க, நார்ச்சத்து.” அன்பில் சொல்வதுதான். ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களுக்குக் குழைந்த சோறு, இட்லி, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு மசியல்தான் பொதுவாக ஒத்துக்கொள்ளும். நார்ச்சத்திலும் இரண்டு வகை இருக்கிறது. கீரைத்தண்டு, சோளம், பழத்தோல் எல்லாம் குடலை விரட்டும். ஓட்ஸ், பழுத்த வாழைப்பழம், இசப்கோல் போன்றவற்றில் இருப்பது நீரை இழுத்துக் கூழாகும். ஒரு டம்ளர் மோரில் ஒரு ஸ்பூன் இசப்கோலைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். சற்று நேரத்தில் ஸ்பூன் கனக்கத் தொடங்கும். குடலுக்குள் நடப்பதும் அதுதான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும்.

சாப்பிட்டதும் குடல் அசைவது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. காலையில் அது கூடுதல். அதனால் பயணம் இருந்தால் இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, குடலுக்கு அதன் நேரத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். புதுக் காய் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதுவும் வீட்டில் இருக்கும் நாளில். எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். மாதங்கள் போகப் போகக் குடல் பழகிக்கொள்கிறது. ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் வந்தாலோ எடை இறங்கினாலோ நோட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் விடக் கடினமானது வாய்விட்டுச் சொல்வது. ரத்த அழுத்தத்தைப் பந்தியிலேயே பேசுகிற நமக்குக் குடலைப் பற்றிச் சொல்ல நா எழுவதில்லை. அண்மையில் ஒரு விசேஷ வீட்டில் அக்கா கோஸ் கூட்டை அள்ளிக்கொண்டு வந்தாள்.

“கோஸ் எனக்குச் சேராதுக்கா, குடல் ஆபரேஷன் ஆயிருக்கு. ரசஞ்சோறு போதும். பாத்ரூம் எந்தப் பக்கம்?”

“மாடியில கூட்டமே இல்லடா, சாவி என்கிட்டதான் இருக்கு. நீ நிதானமா சாப்பிடு.”