யாருடைய சித்தம்?

பட்டாசு ஆலை வெடித்து ஒருவர் இறந்துபோனால், துக்கம் கேட்க வந்தவர்களில் யாராவது ஒருவர் அன்று பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடுவார்: "எல்லாம் கர்த்தருடைய சித்தம். நம்ம கையில என்ன இருக்கு?" சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்கு இது பழகிப்போன பேச்சு. சொல்பவர் மனதில் கள்ளமில்லை. கேட்டவரின் அழுகை சற்று அடங்குவதும் உண்டு. ஆனால் இதைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டா?

பிள்ளைகள் பத்துப் பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபு, கொடுத்ததும் எடுத்ததும் கடவுளே என்று ஏற்றுக்கொண்டான். அடக்க ஆராதனைகளில் அவனுடைய சொல்லைத்தான் வாசிக்கிறோம். அது பறிகொடுத்தவனின் வாயிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அருகில் உட்கார்ந்து அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள் மீது கடவுள் சினம் கொண்டார் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. கணவனை இழந்த பெண் "ஆண்டவர் எடுத்துக்கிட்டார்" என்றால் அது அவளுடைய விசுவாசம். அதைத் திருத்த யாருக்கும் அருகதை இல்லை. ஆலை உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவர் அதே சொல்லைச் சொன்னால், தன் பொறுப்பைக் கடவுளின் தலையில் இறக்கி வைக்கிறார்.

பட்டாசு மருந்து கலக்கும் அறையில் கடவுளின் சித்தத்தைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இரும்புக் கருவி உள்ளே வரக் கூடாது. உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டே நுழைய வேண்டும். காலையில் கலந்த மருந்து அன்றே தீர வேண்டும். மிச்சம் வைத்தால் அலுமினியப் பவுடரில் ஈரம் ஏறிச் சூடாகும், மறுநாள் கை பட்டதும் வெடிக்கும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிகிறது, பீஸ் ரேட்டில் கை வேகம் கூடுகிறது, நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தபோது, ஒருவர் பெயரில் உரிமமும் பலர் கையில் அறைகளுமாக ஆலை நடந்தது வெளியே வந்தது. இதில் விளங்காத மர்மம் எதுவும் இல்லை.

வேதமே இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து சாகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் என்கிறது உபாகமம். விழுந்தவனின் விதி என்று அது விட்டுவிடவில்லை. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசிய இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை மறுத்தார். செத்தவர் மேல் பழி போடும் வழக்கத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

சிவகாசி மண் வேறுவிதமான மரணத்தையும் அறியும். கேம்பிரிட்ஜில் உயர்ந்த இடத்தில் இருந்த ராக்லாந்து என்ற மிஷனரி, நோயுற்ற உடம்போடு வட திருநெல்வேலிக் கிராமங்களில் சுற்றி, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தார். நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியே ஊழியத்தின் வழி என்று நம்பி, தெரிந்தே வந்தவர் அவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். ஆலையில் வேலையே செய்யாமல், புகையைக் கண்டு காப்பாற்ற ஓடிப்போனவர்களும் அவர்களில் உண்டு. பிறருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பில்லை என்ற போதனை இவர்களுக்குப் பொருந்தும். கூலிக்குத் திரி சொருகிக்கொண்டிருந்த பெண் உயிரைக் கொடுக்கவில்லை. அவளிடமிருந்து அது எடுக்கப்பட்டது. இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் தியாகம் என்று சேர்ப்பது, இறந்தவளுக்குச் செய்யும் அநியாயம்.

மறுமை உண்டு என்ற நம்பிக்கை இந்த உடம்பை அற்பமாக்குவதில்லை. கி.பி. 177இல் லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழக் கூடாதென்று, கொன்றவர்கள் அவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். சாம்பலையும் கடவுளால் எழுப்ப முடியும் என்பதே திருச்சபையின் பதிலாக இருந்தது. முகம் தெரியாமல் கருகிப்போன மகனை, மரபணுச் சோதனைக்குப் பிறகு பொட்டலமாக வாங்கி வரும் தாய்க்கு அந்தப் பதில் உண்மையான ஆறுதல். அதைக் குறைத்துப் பேசவே கூடாது. ஆனால் எழுப்பத்தக்க உடம்பென்றால், அது காக்கத்தக்க உடம்பும்கூட. சரீர உயிர்த்தெழுதலை அறிக்கையிடும் அதே விசுவாசப் பிரமாணம் நியாயத்தீர்ப்பையும் அறிக்கையிடுகிறது. துக்க வீட்டில் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடுவது நேர்மையல்ல.

ஆலை மூடினால் ஊர் பட்டினி கிடக்கும், அதனால் பேசாதிருப்பதே நல்லது என்பார்கள். பட்டினிப் பயம் பொய்யல்ல. கந்தக பூமியில் மழை பொய்த்தால் வேறு வேலை அரிது. ஆனால் யாரும் ஆலையை மூடச் சொல்லவில்லை. நான்கு பேர் அறையில் நான்கு பேரை மட்டும் உட்கார வைக்கச் சொல்கிறோம்.

அடக்க ஆராதனை நடத்தும் போதகருக்கும் குருவானவருக்கும் இதில் வேலை இருக்கிறது. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விசாரிக்கலாம். வருகைப் பதிவேட்டில் இறந்தவரின் பெயர் இருந்ததா என்று பார்க்கலாம். முதலமைச்சர் அறிவிக்கும் நிவாரணம் வேறு, முதலாளி சட்டப்படி தரவேண்டிய இழப்பீடு வேறு என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. மனு எழுத யாராவது கூட உட்கார வேண்டும். ஆலை முதலாளி ஆலயத்துக்கு நன்கொடை தருபவராகவே இருந்தாலும், உட்காரத்தான் வேண்டும்.