பிள்ளையை நடுவில் நிறுத்தினார்



"சுவாமி, எந்த நேசறி நல்லது?" பிள்ளைக்கு மூன்று வயது நிறையுமுன்னரே இக்கேள்வியோடு அறைவீட்டுக்கு வரும் தாய்மார் பலர். ஓரிடத்தில் பாட்டும் விளையாட்டுமாம். மற்றதில் ஆறு மாதத்துக்குள் அ, ஆ முழுவதும் எழுதுவிப்பார்களாம். கேட்கும்போதே மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது முகத்தில் தெரியும்.

யேசுநாதர் ஒரு பிள்ளையை எடுத்துச் சீடர் நடுவே நிறுத்தி அணைத்துக்கொண்டார் (மாற்கு 9:36). அன்று பாடம் கேட்க வேண்டியிருந்தவர்கள் சீடர்கள். யார் பெரியவன் என்று வழியெல்லாம் வாதாடி வந்தவர்கள் அவர்களன்றோ? நேசறிக் கண்காட்சியில், யாருடைய பிள்ளை கூட எழுதியிருக்கிறது என்று நாமும் அதே வாதத்தைத்தான் நடத்துகிறோம்.

மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலியக் கத்தோலிக்கர், மருத்துவம் கற்றவர். 1907 சனவரி 6ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, றோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தமது முதலாவது 'பிள்ளைகள் இல்ல'த்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போக, சுவர்களில் கிறுக்கித் திரிந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய உயரத்துக்கேற்ற மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். மணற்கடதாசியில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழக விட்டார். கை பழகியபின் எழுத்து தானாக வந்தது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணல் பரப்பி விரலால் எழுதுவித்ததும் இதற்குத் தொலைவானதன்று. (பிரம்பு மாத்திரம் அங்கே கூட இருந்தது!) 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் பெயரைப் பலகையிலே எழுதிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையைக் கொப்பியில் பத்து வரி எழுத வைக்கும் இடங்களைக் கண்டால் என்ன சொல்வாரோ!

அதே இத்தாலியில், றெஜியோ எமிலியா நகரத்தார் வேறு வழி சென்றனர். 1945இல் போர் முடிந்ததும், ஜெர்மன் படை விட்டுச்சென்ற டாங்கி ஒன்றையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அருகிலிருந்த விலா செல்லா கிராமத்தார் தம் கைகளாலேயே பாலர் பள்ளி கட்டினார்கள். போருக்குப் பின் எதை முதலிற் கட்டுவது என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. அவர்களோடு சேர்ந்த லோறிஸ் மலகுச்சி என்னும் ஆசிரியர் வளர்த்த முறையில் வகுத்த பாடத்திட்டம் இல்லை. பிள்ளை மழைத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால், அதுவே பல நாட் பாடம். களிமண்ணும் வர்ணமும் நிழலும் அவர்களுக்கு மொழி.

கைக்குழந்தைகளுக்கென உழைத்தவர் ஹங்கேரிய மருத்துவர் எம்மி பிக்லர். 1946இல் புடாபெஸ்டில் அவர் அமைத்த இல்லத்தில், தானாக உட்காராத குழந்தையைத் தலையணை வைத்து உட்கார்த்தியதில்லை. தூக்குமுன் குழந்தையிடம் சொல்லிவிட்டே தூக்கினார்கள்.

எது சிறந்தது? மொண்டிசோரி முறையில் கற்பனை விளையாட்டுக்கு இடம் குறைவு என்பது பழைய குறை. அதில் உண்மை உண்டு. றெஜியோ முறையோ, நன்றாய்ப் பயின்ற ஆசிரியரின்றேல் வெறுங் கூச்சலாகிவிடும். ஆயினும் மூவரும் பேசுவதைக் குறைத்துப் பிள்ளையைக் கவனித்தார்கள். ஆகவே, நேசறி தேடுவோர் கொப்பிகளைப் பாராமல், ஒரு காலைவேளை வாசலில் நின்று பாருங்கள். பிள்ளையோடு பேசும்போது ஆசிரியை குனிகிறாரா? அழுகிற பிள்ளையிடம் யார் போகிறார்கள்?

இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. இளங்குருவாய் ஒரு பங்கில் நேசறியைப் பொறுப்பேற்றிருந்தபோது, கண்காட்சிக்கு எல்லாக் கொப்பிகளும் நிரம்ப வேண்டுமென்று கட்டளையிட்டவன் நான். ஒரு சிறுவன் எழுதவே மாட்டான். அவன் கையைப் பிடித்து நானே ஒரு பக்கம் நிறைய 'ம' எழுதுவித்தேன். அந்த விரல்கள் என் கைக்குள் விறைத்திருந்தன. கண்காட்சியன்று தாய் கொப்பியைப் பார்த்து மகிழ்ந்து எனக்கு நன்றி சொன்னார். பக்கத்தில் நின்ற மகன், "அது சுவாமி எழுதினது. நான் எழுதேல்லை" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.