மகிழ்ந்தே தீர வேண்டுமா?

காஞ்சிபுரத்திற்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையையொட்டி அமைந்த ஊர் தாமல். கோடை விடுமுறையில் அச்சாலையோரம் சற்று நின்றால், கூரைமேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு குடும்பங்கள் வேன்களில் விரைவதைக் காணலாம். மகிழ்ச்சியைத் தேடிப் புறப்பட்டவர்கள். ஆயினும் சன்னலோரத்து முகங்களில் அது எப்போதும் தெரிவதில்லை. தம் குடும்பத்தை மகிழ்விக்க விழையும் ஒருவர், அவர்கள் மகிழ்ந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தலாமா?

இவ்வினாவை நம்முள் எழுப்பியது ஒரு நகைச்சுவைத் திரைப்படம். ஹரால்ட் ராமிஸ் இயக்கத்தில் 1983-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்’. (1985, 1989, 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிகளும் வந்தன, முதற்படத்தின் கூர்மை அவற்றில் இல்லை என்பது நம் எண்ணம்.) செவி சேஸ் நடித்த கிளார்க் கிரிஸ்வால்ட் என்னும் தந்தை, மனைவி மக்களுடன் சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள கேளிக்கைப் பூங்காவுக்குக் காரில் புறப்படுகிறார். வழியெல்லாம் தொல்லை. உடன் வந்த வயோதிக உறவினள் காரிலேயே இறந்துபோகிறாள். உடலைச் சுற்றிக் கார்க் கூரைமேல் கட்டி எடுத்துச் சென்று, ஆளில்லாத அவள் மகன் வீட்டில், கொட்டும் மழையில் இருத்திவிட்டு, அவசரமாக ஒரு செபமும் சொல்லிப் பயணத்தைத் தொடர்கிறார்கள். நாமும் சிரித்தோம், சிரித்தபின் கூசினோம். திட்டத்திற்கு இடையூறானால் இறந்தவரும் வெறும் சுமையே. முடிவில் பூங்கா பழுதுபார்ப்புக்காக மூடிக்கிடக்கிறது. தந்தையோ விளையாட்டுத் துப்பாக்கி ஒன்றைக் காட்டிக் காவலரை மிரட்டி, குடும்பத்தை உள்ளே அழைத்துச் செல்கிறார்!

நம் நாட்டிலும் 1966-இல் ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ வந்தது. திருமலை–மகாலிங்கம் இயக்கிய அப்படத்தில் நாகேஷ் பேருந்து நடத்துநர். 1972-இல் இந்தியில் ‘பாம்பே டு கோவா’ ஆயிற்று. அந்தப் பேருந்தில் இருப்போர் ஒருவருக்கொருவர் அந்நியர். பிறரை மகிழ்விக்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை; ஆதலால் வழித்தொல்லை எவருக்கும் தோல்வியாகத் தோன்றுவதில்லை. கிளார்க்கின் துன்பமோ அவர் கொண்ட அன்பிலிருந்தே பிறக்கிறது. அவர் தீயவர் அல்லர். கொடுத்த அன்புக்கு ஈடாக மகிழ்ச்சியைத் திருப்பிக் கேட்கிறார், அவ்வளவே. மகிழ்ச்சி அன்பின் விளைவு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்ததைக் குருமடத்தில் தேர்வுக்காக மனனம் செய்தோம். விளைவைக் கட்டளையிட்டு வருவிக்க இயலாது என்பது அன்று உறைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தாமல் பக்கத்து நெசவாளக் குடும்பங்கள் சிலவற்றை வேனில் வேளாங்கண்ணிக்கு அழைத்துச் சென்றோம். தறி நிற்கும் நாளுக்குக் கூலி இல்லை. அம்மூன்று நாள்களில் ஒரு மணி நேரமும் வீணாகலாகாது என்று நாமே அட்டவணை வகுத்தோம். பாண்டிச்சேரிக்கு அருகே மூதாட்டி ஒருவர், “சாமி, கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் எறங்கிக்கட்டுமா?” என்றார். மாலைத் திருப்பலி தவறிவிடும் என்று கடிந்துகொண்டோம். அதன்பின் வண்டியில் பாட்டு நின்றுவிட்டது. “ஏன் எல்லாரும் இப்படி இருக்கிறீர்கள், செபமாலையாவது சொல்லுங்கள்” என்று அதற்கும் கடிந்தோம்.

சிதம்பரத்தைத் தாண்டியதும் வேன் பழுதாகி நின்றது. மெக்கானிக் வந்து சரிசெய்ய மூன்று மணி நேரம். பிள்ளைகள் வாய்க்காலுக்கு ஓடினர். மூதாட்டி புளியமரத்தடியில் காலை நீட்டி அமர்ந்து, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, மெக்கானிக்குடன் வந்த சிறுவனுக்கும் சேர்த்துப் புளிச்சோறு பகிர்ந்தார்.

“நல்ல வேளையா வண்டி நின்னுது, சாமி” என்று நமக்கும் ஓர் இலையை நீட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே வாங்கிக்கொண்டோம்.